ஏழு வாரம், நான்கு ஆண்டு: லாகூரிலும் தூத்துக்குடியிலும் பிடிபட்ட ஒப்பந்தக் காவலர்கள்

திருவொற்றியூரில் மாலை வேளைகளில், கப்பல் வேலைக்கும் வெளிநாட்டுக் காவல் வேலைக்கும் போக விரும்பும் இளைஞர்களுக்குப் படிவம் நிரப்பவும் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கவும் கற்றுக்கொடுத்து வருகிறேன். எண்ணூர், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள்தான் வருவார்கள். அவர்களில் ஒருவன், மண்ணடியில் ஓர் ஏஜெண்ட் கொடுத்ததாகச் சொல்லி, நான்கு பக்க ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். பதவி என்ற கட்டத்தில் 'பயங்கரவாத எதிர்ப்பு உதவிப் பணியாளர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இருந்தன. சம்பளம் டாலரில். பணியிடம் 'தேவைக்கேற்ப'. கப்பலின் பெயரும் அது எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறது என்பதும் எழுதவேண்டிய இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

"சார், இது மிலிட்டரி மாதிரிதான். ஆனா மிலிட்டரி இல்ல" என்றான் அவன். குரலில் பெருமை தெரிந்தது. இரவெல்லாம் கைப்பேசியில் உளவுத் தொடர்கள் பார்க்கும் வயது. அந்தக் கதைகளில் அரசு நேரடியாகச் செய்ய முடியாத வேலையை ஒப்பந்தக்காரன் செய்வான். மாட்டிக்கொண்டால் 'இவனை எங்களுக்குத் தெரியாது' என்று மேலிடம் கைகழுவும். அங்கிருந்துதான் கதை சூடு பிடிக்கும். அவன் சொன்ன அந்த இரண்டாவது வாக்கியத்தின் உண்மையான எடை என்ன என்பதைக் காட்டவே இந்த ஆய்வை எழுதினேன். எடுத்துக்கொண்ட நிகழ்வுகள் இரண்டு. முதலாவதைச் சுருக்கமாகச் சொல்வேன். இரண்டாவது நம் கடலில் நடந்து, நம் ஊர்ச் சிறைச் சுவருக்குள் வந்து சேர்ந்தது என்பதால் அதில் கூடுதலாக நிற்பேன்.

2011 ஜனவரி 27 அன்று பாகிஸ்தானின் லாகூரில், முசாங் சந்திப்பில் போக்குவரத்து நெரிசலில் நின்ற காருக்குள்ளிருந்து ரேமண்ட் டேவிஸ் என்ற அமெரிக்கர், மோட்டார் சைக்கிளில் வந்த இருவரைச் சுட்டுக் கொன்றார். தன்னைக் கொள்ளையடிக்க வந்தார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அவரை மீட்பதற்காக அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்து விரைந்த வண்டி எதிர்த்திசையில் பாய்ந்து, இதில் எந்தத் தொடர்பும் இல்லாத மூன்றாவது மனிதர் ஒருவரை மோதிக் கொன்றது. அந்த வண்டியில் இருந்தவர்கள் பாகிஸ்தானில் ஒருநாளும் விசாரிக்கப்படவில்லை, நாட்டைவிட்டே அனுப்பப்பட்டுவிட்டார்கள். டேவிஸ் மட்டும் பிடிபட்டார். அவர் தூதரகப் பணியாளர், 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி அவரைக் கைது செய்ய முடியாது என்று அமெரிக்கா வாதிட்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமாவே செய்தியாளர்கள் முன் நின்று அவரைத் 'தூதரக அதிகாரி' என்று குறிப்பிட்டார். சில நாட்களில், அவர் சி.ஐ.ஏ.வுக்காக வேலை செய்த ஒப்பந்தக்காரர் என்பதும், முன்பு பிளாக்வாட்டர் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனத்தில் இருந்தவர் என்பதும் வெளிவந்தன. கொல்லப்பட்டவர்களில் ஒருவரின் இளம் மனைவி, தனக்கு நீதி கிடைக்காது என்று சொல்லி, பிப்ரவரி மாதத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மார்ச் 16 அன்று, பாகிஸ்தானின் இழப்பீட்டுச் சட்டப்படி, கொல்லப்பட்டோரின் குடும்பங்களுக்கு 23 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கப்பட்டு, அவர்கள் மன்னித்ததாக நீதிமன்றத்தில் பதிவாகி, டேவிஸ் அன்றே விமானம் ஏறினார். சுட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் ஏழு வாரம்.

இந்த நிகழ்வை அவர் செய்தது சரியா தவறா என்ற கேள்விக்காக நான் எடுக்கவில்லை. மூன்று உயிர்கள் போனதும், தொடர்ந்து நான்காவது ஓர் உயிர் போனதும் அந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிடுகின்றன. நான் பார்க்கச் சொல்வது வேறொன்றை. அந்த ஏழு வாரமும் ஒரு பெரிய அரசு 'இவர் எங்கள் ஆள்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கடவுச்சீட்டு, தூதரகம், பணம், அமெரிக்கச் செனட்டர் ஒருவரின் பாகிஸ்தான் பயணம், குடியரசுத் தலைவரின் பேச்சு என எல்லாம் ஒரே ஆளுக்குப் பின்னால் வந்து நின்றன.

இனி இரண்டாவது நிகழ்வு. சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்த 2010-இல், வணிகக் கப்பல்கள் எச்சரிக்கையோடு போகவேண்டிய 'உயர் ஆபத்துப் பகுதி'யின் கிழக்கெல்லை, கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை வரை நீட்டப்பட்டது. நிலப்படத்தை எடுத்து விரல் வைத்துப் பார்த்தால், அந்தக் கோடு கிட்டத்தட்டத் தூத்துக்குடியைத் தொட்டுக்கொண்டு இறங்குவது தெரியும். ஆபத்துப் பகுதிக்குள் நுழையும் கப்பல் எல்லையில் ஆயுதக் காவலர்களை ஏற்றிக்கொள்ளும். மேற்கிலிருந்து வரும் கப்பல் எல்லையைத் தாண்டியதும் இறக்கிவிடும். ஆனால் துப்பாக்கியோடு துறைமுகத்துக்குள் வரப் பெரும்பாலான நாடுகள் எளிதில் அனுமதிப்பதில்லை. ஆகவே ஆட்களும் துப்பாக்கிகளும் கடலிலேயே காத்திருக்கச் சில கப்பல்கள் மிதக்கும் ஆயுதக் கிடங்குகளைப் போல நிறுத்தப்பட்டன. கோடு இழுக்கப்பட்ட இடம் நம் கரையை ஒட்டியது என்பதால், காத்திருக்கும் இடமும் நம் கரையை ஒட்டியதாயிற்று. 2015 டிசம்பரில் அந்தக் கோடு மேற்கே 65 பாகைக்குத் தள்ளப்பட்டது. இந்த மாற்றம் இரண்டரை ஆண்டு முன்னதாக வந்திருந்தால் நான் சொல்லப்போகும் முப்பத்தைந்து பேரின் வாழ்க்கை வேறாகியிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

'சீமேன் கார்ட் ஒஹையோ' என்ற அந்தக் கப்பல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த அட்வான்ஃபோர்ட் என்ற தனியார் கடல் பாதுகாப்பு நிறுவனத்துக்காக ஓடியது. கொடியோ மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டுடையது. 2013 அக்டோபர் 12 அன்று இந்தியக் கடலோரக் காவல்படை அதைத் தடுத்து நிறுத்தித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. உள்ளே 35 பேர் இருந்தார்கள்: மாலுமிகள் பத்துப் பேர், காவலர்கள் இருபத்தைந்து பேர். நாட்டுக் கணக்கில், எஸ்டோனியர் 14, இந்தியர் 12, பிரிட்டன் நாட்டவர் 6, உக்ரைனியர் 3. முப்பத்தைந்து துப்பாக்கிகளும் 5,600-க்கும் மேற்பட்ட தோட்டாக்களும் கைப்பற்றப்பட்டன. அக்டோபர் 18-இல் கைதுகள் தொடங்கின. வழக்கு தமிழகக் காவல்துறையில் தீவிரவாத வழக்குகளைப் பார்க்கும் கியூ பிரிவின் கைக்குப் போனது.

அந்த நேரத்தில் நம் அரசின் மனநிலை எப்படி இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். 2008 நவம்பர் 26 அன்று மும்பையைத் தாக்கிய பத்துப் பேரும் கடல் வழியாகவே வந்தார்கள். நம் மீன்பிடிப் படகு ஒன்றைக் கைப்பற்றித்தான் கரையை நெருங்கினார்கள். 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் இத்தாலிய எண்ணெய்க் கப்பல் ஒன்றிலிருந்த அந்நாட்டுக் கடற்படையினர் சுட்டதில் மீனவர் இருவர் மாண்டனர். அவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும், கடலில் துப்பாக்கியோடு நிற்கும் அந்நியக் கப்பலைப் பார்த்தால் வலையை அறுத்துக்கொண்டாவது ஓடிவிடவேண்டும் என்பார்கள். கடலோரக் காவல்படை அந்தக் கப்பலைத் தடுத்ததில் தவறு காண என்னால் முடியாது.

டீசல் விஷயம் வழக்கில் சிறியது. ஆனால் எனக்கு அதுதான் எல்லாவற்றையும் திறந்துகாட்டியது. எரிபொருள் தீர்ந்துபோன கப்பல், துறைமுகத்துக்குள் முறைப்படி வராமல், உள்ளூர் ஆட்கள் மூலம் படகில் டீசல் வாங்கியது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. நம் பகுதியில் இதைப் புரியவைப்பது எளிது. மீன்பிடிப் படகுக்கு வரிவிலக்கோடு கிடைக்கும் டீசல் அந்தப் படகின் பெயரில் கணக்கு வைத்துக் கொடுக்கப்படுவது. அதைப் பீப்பாயில் அடைத்து நடுக்கடலில் இன்னொருவருக்கு விற்றால் சட்டப்படி குற்றம். எனக்குத் தெரிந்த படகுக்காரர் ஒருவரிடம் இந்த வழக்கைச் சொன்னேன். அவர் வலைக் கண்ணியிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்: "அத்தனை பெரிய கம்பெனி, நேரா ஹார்பருக்கு வந்து காசு கொடுத்து வாங்காம, படகுக்காரன்கிட்ட ஏன் கேட்குது?" இதற்கு நான் விடை சொல்லத் தேவையிருக்கவில்லை. துறைமுகத்துக்குள் வந்தால் துப்பாக்கிக்கு அனுமதிச் சீட்டுக் காட்டவேண்டும்.

வழக்கு முழுவதும் அந்தச் சீட்டைச் சுற்றியும் தூரத்தைச் சுற்றியுமே ஓடியது. கரையின் அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரை நாட்டின் ஆட்சிக்கடல். அதற்குள் இன்னொரு நாட்டுக் கப்பல் தீங்கில்லாமல் கடந்து போகலாம். நின்றுகொண்டு வேலை பார்க்கக் கூடாது. ஆனால் ஆபத்தினாலோ நெருக்கடியினாலோ நிற்க நேர்ந்தால் அது குற்றமாகாது என்றும் கடற்சட்டம் சொல்கிறது. கப்பல் ஆட்சிக்கடலுக்குள் நின்றது என்பது அரசுத் தரப்பு. எரிபொருள் தீர்ந்தும் வானிலை கெட்டும் தவித்து வந்தோம், துப்பாக்கிகள் முறைப்படி வாங்கியவை, கடலில் செல்லும் கப்பலின் வழக்கமான ஆயுதங்களுக்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவே விலக்குத் தருகிறது என்பது எதிர்த்தரப்பு. அந்த அக்டோபர் 12-ஆம் நாள்தான் பைலின் புயல் ஒடிசாவில் கரையைக் கடந்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

2014 மார்ச்சில் பெரும்பாலோருக்குப் பிணை கிடைத்தது. ஆனால் நாட்டைவிட்டுப் போக முடியவில்லை. ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆயுத வழக்கை ரத்து செய்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்து உத்தரவைத் தள்ளிவிட்டு, விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொன்னது. 2016 ஜனவரி 11 அன்று தூத்துக்குடி நீதிமன்றம் முப்பத்தைந்து பேருக்கும் ஐந்தாண்டுக் கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பர் 27 அன்று மதுரைக் கிளை அவர்கள் அனைவரையும் விடுதலை செய்தது. நான்கு ஆண்டும் ஒன்றரை மாதமும். கப்பலில் மாலுமியாகச் சமையல் செய்தவருக்கும், என்ஜின் அறையில் நின்றவருக்கும், துப்பாக்கியைக் கையில் பிடித்தவருக்கும் ஒரே தண்டனை, ஒரே விடுதலை.

பிரிட்டன் நாட்டவர் அறுவரும் இருந்தது நம் புழல் சிறையில். அதனால்தான் அவர்கள் நாட்டுப் பத்திரிகைகள் அவர்களைச் 'சென்னை அறுவர்' என்றே அழைத்தன. ஜி.என்.டி. சாலையில் கவாங்கரையைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்த சுவர்தான் அது. உறவினர் ஒருவரை மனு பார்க்க அந்த ஆண்டுகளில் நானும் அங்கே நின்றிருக்கிறேன். காலையிலேயே போய்ச் சீட்டெழுதிக் கொடுத்து, ஆதார் நகலை மடித்துப் பிடித்தபடி, பெயர் கூப்பிடும்வரை வெளியே காத்திருக்கவேண்டும். கொண்டுபோன பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். உள்ளே போனால் கம்பித் தடுப்பின் இரு பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசுவதால், தன் மகன் என்ன சொல்கிறான் என்பது தாய்க்கே காதில் விழாது; உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ளவேண்டும். பேச வந்ததில் பாதியை விழுங்கிவிட்டு வெளியே வரும் பெண்கள் வாசல் டீக்கடையில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நமக்கு இதே ஊர், இதே மொழி. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கம்பித் தடுப்பு என்னவாக இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசித்ததில்லை. இந்த வழக்கைப் படித்த பிறகுதான் யோசித்தேன்.

தங்களுக்குச் சேரவேண்டிய சம்பளம் நின்றுபோனது, நிறுவனம் தங்களைக் கைவிட்டது என்று குடும்பத்தார் அந்நாட்களில் வெளிப்படையாகச் சொன்னார்கள். கடலோடிகளுக்கான கிறித்தவத் தொண்டு அமைப்பான மிஷன் டு சீஃபேரர்ஸ் அவர்களுக்குத் துணை நின்றது. பிரிட்டனில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டு அரசை வற்புறுத்தினார்கள். எஸ்டோனிய அரசும் தன் பதினான்கு பேருக்காக விடாமல் பேசியது. இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. முப்பத்தைந்து பேரில் பன்னிருவர் இந்தியர். எண்ணிக்கையில் இரண்டாவது பெரிய கூட்டம். அவர்களுக்கு 'பன்னிருவர்' என்று பெயர் வைத்த பத்திரிகை எதையும் நான் பார்க்கவில்லை. வெளிநாட்டவரை மீட்க அவர்கள் அரசு நம் அரசிடம் பேசும். நம் ஆளைப் பிடித்தது நம் அரசே என்னும்போது, அவருக்காக யார் யாரிடம் பேசுவது? இந்த வழக்கில் மிகவும் தனியாக நின்றவர்கள் அவர்களே என்று நான் கருதுகிறேன். அவர்களில் எட்டுப் பேர் துப்பாக்கி வேலைக்கு வந்தவர்களும் அல்லர். கப்பல் ஓட்ட வந்த மாலுமிகள்.

இரண்டு நிகழ்வையும் பக்கத்தில் வைத்தால், செய்த செயலுக்கும் அனுபவித்த காலத்துக்கும் தொடர்பே இல்லை என்பது தெரிகிறது. லாகூரில் மூன்று உயிர் போனது; ஒப்பந்தக்காரர் ஏழு வாரத்தில் வீடு திரும்பினார். தூத்துக்குடியில் ஒரு தோட்டாவும் சுடப்படவில்லை. முப்பத்தைந்து பேரின் நான்கு ஆண்டுகள் போயின. பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் 2007 செப்டம்பர் 16 அன்று பிளாக்வாட்டர் காவலர்கள் சுட்டதில் பொதுமக்கள் 17 பேர் மாண்டதும், அதற்காகத் தண்டிக்கப்பட்ட நால்வருக்கும் 2020 டிசம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்கியதும் இதே கணக்கில் சேரும். ஒப்பந்தக்காரனுக்குப் படைவீரனின் சட்டக் காப்பு இல்லை; சாதாரணக் குடிமகன் என்று சொல்லவும் கையிலிருக்கும் துப்பாக்கி விடாது. அவனுக்கு என்ன நேரும் என்பதை, அவன் பின்னால் அந்த நேரத்தில் யார் நிற்கிறார்கள் என்பதே முடிவு செய்கிறது. ரகசியம் காக்கப்படும் வேலையில் அது எழுத்தில் இருக்காது.

'மிலிட்டரி மாதிரி' என்ற சொல்லை நான் ஏன் இவ்வளவு தூரம் இழுத்தேன் என்பது இப்போது புரியும். ராணுவ வீரன் பிடிபட்டால் போர்க்கைதி. அவனுக்கு ஜெனிவா உடன்படிக்கை இருக்கிறது. மாலுமிக்கு சி.டி.சி. என்னும் கடலோடிப் புத்தகம் இருக்கிறது. அவனை ஏற்றிவிடும் ஏஜெண்டுக்கு, கப்பலுக்கு ஆளெடுப்பதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும் என்ற விதி இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்கவேண்டும். தனியார் காவல் நிறுவனம் வெளிநாட்டில் ஆள் நிறுத்த வேண்டுமானால், 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தனி அனுமதி கேட்கிறது. கப்பலில் போகும் ஆயுதக் காவலர், பெரும்பாலும் மாலுமிப் பட்டியலில் சேராமல் கூடுதல் ஆளாகவே ஏறுகிறார். எந்தச் சட்டத்தின் குடைக்கீழ் அவர் நிற்கிறார் என்பதை ஒப்பந்தம் சொல்லாவிட்டால், எந்தக் குடையும் இல்லை என்றே கொள்ளவேண்டும். அண்மையில் உதவியாளர் வேலை என்று நம்பி ரஷ்யாவுக்குப் போன இந்திய இளைஞர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, 2024 மார்ச்சில் சி.பி.ஐ. ஆட்கடத்தல் வழக்குப் பதிவு செய்ததையும் பார்த்தோம். பதவியின் பெயர் எப்படி வேண்டுமானாலும் எழுதப்படும்.

அந்தப் பையனிடம் நான் 'போகாதே' என்று சொல்லவில்லை. அவன் அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கி முதுகு போனவர். தங்கை கல்லூரியில் படிக்கிறாள். டாலர் சம்பளத்தின் அருமை எனக்குத் தெரியாததல்ல. இந்த இரண்டு நிகழ்வையும் இரண்டு மாலைகளில் சொல்லி முடித்துவிட்டு, மூன்றே கேள்வியை ஏஜெண்டிடம் கேட்கச் சொன்னேன்: கப்பலின் கொடி எது, துப்பாக்கியின் அனுமதிச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது, பிடிபட்டால் வக்கீலுக்கும் வீட்டுக்கும் பணம் அனுப்புவேன் என்று கையெழுத்திடுபவர் யார்.

என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, "அதெல்லாம் ஏறினப்புறம் கேப்டன் சொல்லுவார் தம்பி, நீ மெடிக்கல மட்டும் முடி" என்றார். பையன் போனை வைத்துவிட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, அந்த இரண்டு வெற்றுக் கட்டங்களையும் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலை அவனும் நானும் பஸ் பிடிக்காமல் அவன் பைக்கிலேயே மண்ணடிக்குப் போய், அங்கே கொடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டைக் கையெழுத்திட்டுத் திரும்ப வாங்கி வந்தோம்.